காற்றை மருந்தாக்கிய டாக்டர்

தாம்பரம் சானடோரியத்தை நிறுவிய சவுரிமுத்துவின் கதை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அந்த நிலையம் நன்கு பழக்கமானது. குரோம்பேட்டையைத் தாண்டியதும், தாம்பரம் வருவதற்கு முன்னால், சானடோரியம் என்று எழுதிய பலகை தெரியும். காலையில் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள், கல்லூரி மாணவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள் என்று ஒரு பெருங்கூட்டம் அங்கே இறங்குகிறது. சானடோரியம் என்பது ஊரின் பெயர் என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு வைத்திய முறையின் பெயர் என்பதும், அந்த வைத்தியத்தை இந்தப் பச்சைமலை அடிவாரத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு தமிழ் டாக்டர் என்பதும் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து என்பது அவருடைய முழுப் பெயர். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் வைத்திய உலகத்தில் அந்தப் பெயர் பிரசித்தமாக இருந்தது. வெள்ளைக்கார நோயாளிகள் ஒரு கறுப்பு டாக்டரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பனிக்காற்று வீசும் அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். கணித மேதை ராமானுஜனும் அவரிடம் நோயாளியாக இருந்திருக்கிறார். அவர் நம்பிய வைத்தியத்தில் ஒரு பாதியைப் பின்னால் வந்த விஞ்ஞானம் தள்ளிவிட்டது. மற்றப் பாதி இன்றும் நிற்கிறது. தள்ளியது எது, நிற்பது எது என்பதைத் தெரிந்துகொள்ள, முதலில் தாம்பரத்திலிருந்து வெகு தூரம், குளிர்நாட்டுக் காடுகளுக்குப் போய்வர வேண்டும்.

இலை உதிர்க்கும் ஊசியிலை மரம்

க்ஷயரோகத்துக்கு மருந்தே இல்லாதிருந்த காலம் அது. இருமலும், மாலைக் காய்ச்சலும், இளைப்பும், கடைசியில் கைக்குட்டையில் ரத்தமும் கண்டவன் தன் நாட்களை எண்ண ஆரம்பித்துவிடுவான். அப்படிப்பட்ட காலத்தில், ஜெர்மானிய டாக்டரான ஹெர்மன் பிரேமர் என்பவர், 1850-களில் சைலீஷியா மலைப்பகுதியில் கோர்பர்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரில் ஒரு நிலையம் ஆரம்பித்தார். ஊசியிலைக் காடுகள் சூழ்ந்த இடம். சுத்தமான காற்று, நல்ல ஆகாரம், ஓய்வு, அளவான நடை, இவையே அங்கே மருந்து. நோயாளிகளில் சிலர் தேறினார்கள். செய்தி பரவியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சானடோரியங்கள் முளைத்தன.

1873-ல் நியூயார்க் நகரத்து இளம் டாக்டர் எட்வர்ட் ட்ரூடோ, க்ஷயத்தால் பிழைக்கமாட்டோம் என்ற எண்ணத்தோடு அடிராண்டாக் மலைக் காட்டுக்குப் போனார். சாகப் போனவர் அங்கே தேறினார். 1880-களில் அதே பகுதியில், சாரனாக் லேக் என்ற ஊரில், ஏழை நோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் நிறுவினார். அந்தக் காட்டின் சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு விசித்திரமான மரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். டாமராக் என்பது அதன் பெயர். லார்ச் மர இனத்தைச் சேர்ந்தது.

பைன், தேவதாரு முதலிய ஊசியிலை மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும். லார்ச் அந்தக் குலத்து வழக்கத்தை மீறியது. இலையுதிர் காலத்தில் அதன் ஊசிகள் பொன்னிறமாகிக் கொட்டிவிடும். பனிக்காலம் முழுவதும் மொட்டையாக நிற்கும். பார்த்தால் பட்டமரம் என்றே தோன்றும். வசந்தம் வந்ததும் கிளைகளில் சிறு சிறு குஞ்சங்களாக இளம்பச்சை ஊசிகள் தலைகாட்டும். கனடாவிலும் வட அமெரிக்காவின் மற்றக் குளிர்ப் பகுதிகளிலும் பல மரங்கள் வேர்பிடிக்காத நீர்க்கசிவு நிலத்தில் டாமராக் நிமிர்ந்து நிற்கிறது. பூர்வகுடி மக்கள் அதன் மெல்லிய வேரால் மரப்பட்டைத் தோணிகளைத் தைத்தார்கள். பட்டையை மருந்தாக்கினார்கள். எளிதில் உளுத்துப்போகாத அதன் கட்டையிலிருந்து பிற்காலத்தில் ரயில்பாதைக் கட்டைகள் அறுத்தார்கள்.

தோட்டம் போடுகிறவர்களுக்கு லார்ச் மீது தனிப் பிரியம் உண்டு. குளத்தங்கரையில் ஒன்றிரண்டு மரங்களை நட்டால், இலையுதிர் காலத்தில் தண்ணீரிலும் பொன், கரையிலும் பொன். அதன் நிழல் அடர்த்தியற்றது. ஆகையால் அடியில் புல்லும் பூச்செடியும் வளரும். மாரிக்காலத்தில் இலை இல்லாததால் வெயில் தடையின்றித் தரையில் விழும். ஆனால் இடநெருக்கமும் பிற மரங்களின் நிழலும் அதற்கு ஆகாது. ஆல்ப்ஸ் மலையில் வளரும் லார்ச்சின் பிசினுக்கு வெனிஸ் டர்ப்பன்டைன் என்று பெயர். அது ஐரோப்பிய வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கியது. லார்ச் பட்டைக் கஷாயத்தை நாட்பட்ட சளிக்கும் இருமலுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தியாவிலும் லார்ச் உண்டு. சிக்கிம் முதலிய கிழக்கு இமயப் பிரதேசங்களில் வளரும் அந்த மரம், வில்லியம் கிரிஃபித் என்ற தாவர நிபுணரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் 1832-ல் கம்பெனி டாக்டராக வந்து இறங்கிய இடம் நம் சென்னைதான்.

ஊசியிலைக் காட்டின் பிசின் வாசனையே நுரையீரலை ஆற்றுகிறது என்று அந்த நாளில் டாக்டர்களும் நம்பினார்கள். அந்தக் காற்றில் ஓசோன் நிறைந்திருக்கிறது என்றும், அது நோய்க்கு எதிரி என்றும் கருதினார்கள். ஓசோனை மிகுதியாகச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல் என்று இன்று நாம் அறிவோம். அன்று, பைன் தோப்பு என்ற சொல் இல்லாத சானடோரிய விளம்பரத்தைக் காண்பதே அரிது.

சீமையில் ஒரு தமிழ் டாக்டர்

இந்த நம்பிக்கை உச்சத்தில் இருந்த காலத்தில்தான் சவுரிமுத்து இங்கிலாந்தில் வைத்தியம் செய்தார். தமிழ்க் கிறிஸ்தவரான அவர் சீமையில் வைத்தியப் பட்டங்கள் பெற்று, ஓர் ஆங்கில மாதை மணந்து, அங்கேயே தொழில் நடத்தினார். 1900-ஐ ஒட்டி அவர் திறந்தவெளிச் சிகிச்சைத் துறையில் இறங்கினார். இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவில் இங்கிள்வுட் சானடோரியத்தில் முதலில் பணியாற்றினார். பிறகு சாமர்செட் மாவட்டத்தில், வெல்ஸ் நகருக்கு அருகே, மெண்டிப் குன்றுகளின் மேல், ஹில் குரோவ் என்ற இடத்தில் இருந்த சானடோரியத்தை நடத்தினார். மெண்டிப் ஹில்ஸ் சானடோரியம் என்று அது பெயர் பெற்றது.

ஒரு வெள்ளைக்காரன் இந்தியாவில் ஆஸ்பத்திரி நடத்துவது அந்த நாளில் சாதாரணச் செய்தி. ஓர் இந்தியன் இங்கிலாந்தில், அதுவும் பணம் கொடுத்துத் தங்கும் வெள்ளைக்கார நோயாளிகளுக்குச் சானடோரியம் நடத்துவது என்றால் அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. சாம்ராஜ்யம் கொடிகட்டிப் பறந்த காலம் அது.

மெண்டிப் குன்றின் மேல் வாழ்க்கை கண்டிப்பானது. இரவும் பகலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மழையானாலும் பனியானாலும் அதில் மாற்றமில்லை. பாலும் சத்துள்ள ஆகாரமும் நேரம் தவறாமல் வரும். காய்ச்சலை அளந்து எழுதிக்கொள்வார்கள். உடம்பு சற்றுத் தேறியவர்கள் சும்மா இருக்கக் கூடாது. நடக்க வேண்டும், மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும், பாட வேண்டும், மரம் அறுக்க வேண்டும். கிருமியைக் கொல்லும் மருந்து ஆவியைச் சுவாசிக்கச் செய்யும் முறையையும் சவுரிமுத்து கையாண்டார். இழுத்து விட்ட மூச்சும், உழைத்த உடம்பும், கலங்காத மனமும் சேர்ந்தால்தான் நோய் இறங்கும் என்பது அவர் சித்தாந்தம்.

1910-ல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. பத்து ஆண்டு அனுபவத்தின் பதிவு அது. 1922-ல் இன்னொரு நூல், இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தோடு. இந்த நூல்களில் அவர் எடுத்துக்கொண்ட கட்சி துணிச்சலானது. 1882-லேயே ராபர்ட் காக் என்ற ஜெர்மானியர் க்ஷயத்தின் கிருமியைக் கண்டுபிடித்து உலகத்துக்குக் காட்டியிருந்தார். வைத்திய உலகம் முழுவதும் கிருமியின் பின்னால் ஓடியது. சவுரிமுத்து மட்டும் தனி வழியில் நின்றார். கிருமியை அவர் மூலகாரணமாக ஏற்கவில்லை. வறுமை, நெரிசலான வீடு, காற்றில்லாத தொழிற்சாலை, போதாத சோறு, குடி, ஓயாத கவலை ஆகியவையே மனிதனை நோய்க்குத் தயார் செய்கின்றன, கிருமி பிறகு வந்து சேருகிறது என்று அவர் வாதாடினார். சக டாக்டர்கள் பலருக்கு இது ஏற்கவில்லை. அவர் தம் கொள்கையை விடவும் இல்லை.

இந்தக் கட்சியைச் சோதித்துப் பார்த்தது போன்ற ஒரு சம்பவம் அமெரிக்காவில் நடந்திருந்தது. முன்பு சொன்ன ட்ரூடோ, சில முயல்களுக்கு க்ஷயக் கிருமியை ஏற்றினார். ஒரு பகுதியைக் காற்றோட்டமான சிறு தீவில் நல்ல தீனியோடு ஓடவிட்டார். இன்னொரு பகுதியை வெளிச்சமில்லாத இடத்தில் அடைத்துக் குறைந்த தீனி போட்டார். தீவின் முயல்களில் பெரும்பாலானவை பிழைத்தன. இருட்டில் அடைத்தவற்றில் பெரும்பாலானவை மாண்டன. கிருமி ஏற்றாமலே குழியில் அடைத்த முயல்களோ மெலிந்துபோயினவே தவிர, க்ஷயம் காணவில்லை. கிருமி இல்லாமல் நோய் இல்லை என்பதும், கிருமி மட்டுமே விதி அல்ல என்பதும் அந்த ஒரே சோதனையில் தெளிவாயின. சவுரிமுத்து அதில் பின்பாதியை இறுகப் பிடித்துக்கொண்டார். முன்பாதிக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை.

கப்பலில் வந்த கணித மேதை

1914 மார்ச் 17-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பல் புறப்பட்டது. அதில் குடுமியை எடுத்துவிட்டு, பழக்கமில்லாத கோட்டும் காலணியும் அணிந்து, இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் ஏறினார். கேம்பிரிட்ஜுக்குப் போய்க்கொண்டிருந்த சீனிவாச ராமானுஜன் அவர். அதே கப்பலில் டாக்டர் சவுரிமுத்துவும் பிரயாணம் செய்தார். நுரையீரல் நோய் நிபுணருக்கும் எண்களின் காதலருக்கும் பழக்கம் ஏற்பட்டது. இன்னும் மூன்றரை ஆண்டுகளில் ஒருவர் மற்றவரிடம் நோயாளியாக வந்து சேர்வார் என்று அப்போது இருவரில் யார் நினைத்திருக்க முடியும்?

1917-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் படுத்துவிட்டார். யுத்த காலம். சைவ உணவுக்கு வேண்டிய பொருள்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. நேரங்கெட்ட நேரத்தில் தாமே சமைத்துச் சாப்பிட்டு, இரவும் பகலும் கணக்கில் மூழ்கியிருந்த உடம்பு எத்தனை நாள் தாங்கும்? டாக்டர்கள் க்ஷயம் என்று சந்தேகித்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவரை மெண்டிப் குன்றுக்கு அனுப்பினார்கள். சீமையில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகி உதிரும் பருவம் அது. கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு, திறந்த ஜன்னல் வழியே வரும் அந்தக் குளிரை எப்படித் தாங்கியிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். அங்கே ராமானுஜன் நீண்ட நாள் இருக்கவில்லை. மாட்லக் என்ற ஊரில் இருந்த வேறொரு நிலையத்துக்குப் போனார். 1918-ல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். 1919-ல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு.

அவருக்கு வந்தது க்ஷயம்தானா என்ற கேள்வி இன்றும் முடியவில்லை. கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994-ல் யங் என்ற ஆங்கில டாக்டர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். அப்படியானால், எந்தச் சானடோரியத்தின் எந்தக் காற்றும் அவரைக் காப்பாற்றியிருக்காது. காற்று வைத்தியத்தின் எல்லை எது என்பதற்கு ராமானுஜன் கதை ஒரு சாட்சி. நோய் இன்னதென்று அறியாமல் கொடுக்கும் மருந்து, காற்றாயிருந்தாலும் கஷாயமாயிருந்தாலும், இருட்டில் எறிந்த கல்தான்.

பச்சைமலை அடிவாரம்

சீமையில் இத்தனை காலம் தொழில் செய்தவர் அங்கேயே ஓய்வாக வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் அவர் நினைவு சொந்த மண்ணில் இருந்தது. இங்கே க்ஷயம் பட்டணங்களில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன்கள் சேர்ந்து 1915-ல் ஆரம்பித்த ஒரு பெரிய சானடோரியம் இருந்தது. அது சென்னையிலிருந்து வெகு தூரம். ஒரு குமாஸ்தாவின் மனைவியோ அச்சுக்கூடத் தொழிலாளியோ அங்கே போய்ப் படுத்தால், வீட்டார் வந்து பார்ப்பது எப்படி?

முதுமையின் வாசலில் நின்ற சவுரிமுத்து, சென்னைக்குத் தெற்கே பச்சைமலையைத் தேர்ந்தெடுத்தார். இன்று அடுக்குமாடி வீடுகளும் வணிக வளாகங்களும் நெருக்கியடிக்கும் அந்த இடம், அன்று கல்லும் முள்ளும் பனையுமாகக் கிடந்த பொட்டல். ரயில் பாதை மட்டும் அருகே போயிற்று. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததே 1931-ல்தான். 1928 ஏப்ரல் மாதத்தில் பன்னிரண்டு படுக்கைகளோடு தாம்பரம் சானடோரியம் திறக்கப்பட்டது. பன்னிரண்டே படுக்கைகள். ஆனால் சென்னை நகரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கிடைத்த பன்னிரண்டு படுக்கைகள்.

இங்கேதான் ஒரு சங்கடம் கவனிக்கத் தக்கது. சானடோரியம் என்ற எண்ணமே குளிர்நாட்டில் பிறந்தது. பனி, பைன், லார்ச், மலைக்காற்று, இவைதான் அதன் அங்கங்கள். பச்சைமலையில் பனி ஏது, பைன் ஏது? லார்ச் வேர்விட வேண்டுமானால் பல மாதம் உறைபனியில் உறங்க வேண்டும். சித்திரை வெயிலில் அதன் விதை கூட வெந்துவிடும். பார்வைக்கு ஊசியிலை மரம் போல் இருக்கும் நம் ஊர்ச் சவுக்கு, தாவர சாஸ்திரப்படி அந்தக் குலத்தில் சேராது. அது பூக்கும் மரம். ஊசி போலத் தெரிவது அதன் மெல்லிய கிளை. கிறிஸ்துமஸ் நாளில் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ஊசியிலை மரத்துக்குப் பதிலாகச் சவுக்குக் கிளையை நட்டு அலங்கரித்து வந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். அதுபோல, குளிர்நாட்டு வைத்தியத்தை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தபோது அதன் மரங்களை விட்டுவிட்டு மனத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. வெட்டவெளி, வேம்பின் நிழல், கடலிலிருந்து மாலையில் வரும் காற்று, கூட்டமில்லாத அறை. இவை இருந்தால் போதும், பைன் காட்டின் பிசின் வாசனை வேண்டியதில்லை என்றுதான் தாம்பரம் சொல்லிற்று.

வேப்பங்காற்றின் அருமை நமக்குப் புதிதல்ல. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுகிறவர்கள் நாம். சவுரிமுத்துவுக்கும் நாட்டு வைத்தியத்தில் மரியாதை உண்டு. இந்து வைத்தியத்தின் பழமையையும் பெருமையையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே எழுதியிருக்கிறார். சீமையில் முப்பது ஆண்டு பழகிய ஒரு டாக்டர் அப்படி எழுதுவது அந்த நாளில் அபூர்வம். அவர் நிறுவிய நிலையத்தின் அருகிலேயே 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. இது தற்செயலாக நேர்ந்த பொருத்தம்.

தனி மனிதர் ஒருவர் சானடோரியம் நடத்துவது எளிதான காரியமல்ல. க்ஷய நோயாளி ஒரு வாரம் இரண்டு வாரம் படுத்து எழுந்து போகிறவன் அல்லன். மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இருப்பான். 1937-ல் சென்னை சர்க்கார் அந்த நிலையத்தை எடுத்துக்கொண்டது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிவந்ததும் அதே ஆண்டில்தான். நோயாளிகளுக்கு ஒரு தோப்பும் மாணவர்களுக்கு ஒரு காடுமாகத் தாம்பரம் அப்போது உருவெடுத்தது. சவுரிமுத்துவின் பன்னிரண்டு படுக்கைகள் சர்க்கார் கையில் நூற்றுக்கணக்காகப் பெருகின.

மாத்திரை வந்தது

அடுத்த இருபது ஆண்டுகளில் க்ஷய வைத்தியமே தலைகீழாக மாறிவிட்டது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மருந்து வந்தது. 1952-ல் ஐசோனியசிட் மாத்திரை வந்தது. இந்த மருந்துகள் எட்டாமல் மாண்டவர்களும் உண்டு. எழுத்தாளர் புதுமைப்பித்தனை 1948-ல், நாற்பத்திரண்டு வயதில், க்ஷயம் கொண்டுபோயிற்று.

மருந்து வந்தபின் ஒரு கேள்வி எழுந்தது. லட்சக்கணக்கான நோயாளிகள் உள்ள நாட்டில் சானடோரியப் படுக்கைகளோ சில ஆயிரம். எல்லோரையும் படுக்க வைக்க முடியாது. வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? இதற்கு விடை கண்ட பெருமை சென்னைக்கு உரியது. 1956-ல் சென்னை சர்க்கார், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தன. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுப் போடுவது போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றப் பிரிவுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். மருந்து இரு பிரிவுக்கும் ஒன்றே.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டமான வார்டு. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான அறை, குறைந்த சாப்பாடு, பலருக்கு வேலைக்கும் போக வேண்டிய நிலை. ஓராண்டுக்குப் பின் பார்த்தால் குணமானவர் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பைன் தோப்புகளுக்கு நடுவே இருந்த சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சில, ஓட்டல்களாயின. சில, பாழாயின. ட்ரூடோவின் சானடோரியம் அதற்கு முன்பே, 1954-ல், மூடப்பட்டுவிட்டது.

சவுரிமுத்துவின் வாழ்நாள் நம்பிக்கைக்கு அவருடைய சொந்த நகரமே இப்படிப் பதில் சொல்லிற்று. கிருமியை அவர் குறைத்து மதிப்பிட்டது தவறு என்பதில் ஐயமில்லை. கிருமியைக் கொல்லும் மருந்து கிடைத்ததும், மரமும் காற்றும் இல்லாமலே மனிதன் பிழைத்தான்.

தவறிலும் ஒரு சரி

கதை அத்தோடு முடிந்திருந்தால், சவுரிமுத்து பெயரை ரயில் நிலையப் பலகையோடு விட்டுவிடலாம். ஆனால் முடியவில்லை. இத்தனை மருந்துகள் இருந்தும் உலகத்தில் அதிகமான க்ஷய நோயாளிகள் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். ஏன்? குணமாவது ஒரு கேள்வி. நோய் வராமல் இருப்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு மாத்திரை பதில் சொல்கிறது. இரண்டாவது கேள்விக்கு?

ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. க்ஷய நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகச் சாப்பிட்ட குடும்பங்களில் புதிதாக நோய் கண்டவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு 40 வீதம் குறைந்தார்கள். 1956-ல் சென்னையில் தோன்றிய அந்த ஆராய்ச்சி நிலையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. ஜார்க்கண்ட் ஆராய்ச்சியிலும் அதற்குப் பங்கு உண்டு. சானடோரியத்தின் சோறும் காற்றும் மருந்துக்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை என்று ஒரு காலத்தில் காட்டிய நிறுவனமே, பசித்த வயிற்றில் க்ஷயம் எளிதாகக் குடிபுகுகிறது என்று இப்போது காட்டியிருக்கிறது. போதாத சோறு மனிதனை நோய்க்குத் தயார் செய்கிறது என்று நூறு ஆண்டுக்கு முன் மெண்டிப் குன்றில் உட்கார்ந்து எழுதிய தமிழ் டாக்டரின் நூலை இப்போது எடுத்துப் படித்தால், அதில் தவறுகளுக்கு நடுவே இந்த உண்மையும் கிடக்கக் காணலாம்.

தாம்பரம் சானடோரியம் மூடப்படவில்லை. மேலைநாட்டு நிலையங்களுக்கு நேர்ந்த கதி அதற்கு நேரவில்லை. அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக அது தொடர்ந்து நடக்கிறது. 1993-ல் எய்ட்ஸ் நோயாளிகளைப் பல இடங்களில் தொடவும் அஞ்சி விரட்டிய போது, அவர்களுக்குப் படுக்கை கொடுத்தது இந்த ஆஸ்பத்திரி. பின்னர் நாட்டிலேயே மிக அதிகமான எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனிக்கும் இடங்களில் ஒன்றாகப் பெயர் பெற்றது. யாரும் ஏற்காத நோயாளியை ஏற்று, காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்து, மனிதனாக நடத்துவது என்பது அந்த மண்ணில் 1928-லேயே வேரூன்றிய பழக்கம்.

சுற்றிலும் 1984-ல் வந்த ஏற்றுமதித் தொழிற்பேட்டையும், நெடுஞ்சாலையின் இரைச்சலும், ஏரிகளை விழுங்கிய வீட்டு மனைகளும் நெருக்குகின்றன. அவற்றுக்கு நடுவே ஆஸ்பத்திரி வளாகத்தின் மரங்கள் இன்னும் நிழல் தருகின்றன. அவற்றில் லார்ச் இல்லை. வேம்பும் புங்கனும் போன்ற நம் ஊர் மரங்கள் போதும். மரக்காற்று க்ஷயத்தைத் தீர்க்கும் என்று இன்று யாரும் நம்புவதில்லை. ஆனாலும் வார்டுக்கு வெளியே, கையில் மாத்திரைப் பொட்டலத்தோடு, ஊரிலிருந்து வந்த தாயோ மனைவியோ கொண்டுவந்த சோற்றை அந்த நிழலில் உட்கார்ந்து உண்ணும் நோயாளிக்கு மூன்று மருந்துகள் சேர்ந்து கிடைக்கின்றன. மாத்திரையை விஞ்ஞானம் தந்தது. சோற்றை வீடு தந்தது. அந்த நிழலுக்கு வழி செய்தவர் டாக்டர் சவுரிமுத்து.

அடுத்த முறை சானடோரியம் நிலையத்தில் வண்டி நிற்கும்போது, அந்தப் பெயரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.